பாலை விட்ட அடுக்களை

இறைச்சி, மீன், முட்டை ஆகியவற்றோடு பால், தயிர், மோர், வெண்ணெய், நெய், தேன் ஆகியவற்றையும் விலக்கிய உணவுமுறை நனிசைவம். பேச்சில் 'வீகன்' என்ற ஆங்கிலச் சொல்லே புழங்குகிறது. 'நனி' என்றால் மிகுதி. சைவத்திலும் ஒரு படி மிகுந்தது என்ற பொருளில் நனிசைவம் என்ற சொல் எழுத்தில் இடம்பிடித்து வருகிறது. இதை வாழ்க்கைக் கொள்கையாக ஏற்றவர்கள் பட்டு, தோல், கம்பளி ஆகியவற்றையும் துறப்பார்கள். இங்கே பேசப்படுவது உணவு மட்டும்; அதுவும் தமிழ் வீட்டு அடுக்களையில் அந்த மாற்றம் எப்படி நடக்கிறது, எங்கே சிக்குகிறது என்பது.

'வீகன்' என்ற சொல் 1944-இல் இங்கிலாந்தில் பிறந்தது. அங்கே மரக்கறி உணவாளர் சங்கம் 1847 முதலே இருந்தது. அதன் உறுப்பினர்களில் சிலர் பாலையும் முட்டையையும் விட வேண்டும் என்று வாதாடி, இடம் கிடைக்காமல் தனிச் சங்கம் கண்டார்கள். அவர்களில் முதல்வரான டொனால்ட் வாட்சன் பள்ளியில் தச்சு வேலை கற்பித்த ஆசிரியர். 'வெஜிடேரியன்' என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் மூன்று எழுத்தையும் கடைசி இரண்டு எழுத்தையும் ஒட்டினால் 'வீகன்' வந்துவிடும். சொல் புதிது, எண்ணம் பழையது. பத்து, பதினோராம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த அரபுக் கவிஞர் அல் மஆரி பால், முட்டை, தேன் மூன்றையும் விட்டவர். தேனைத் தொடாதிருப்பது சமண இல்லறத்தாரின் பழைய நோன்பு.

தமிழ் மரபில் புலால் மறுப்புக்கு நீண்ட வேர் உண்டு. திருக்குறளில் அதற்கென ஓர் அதிகாரமே இருக்கிறது. வடலூர் வள்ளலார் அதை உயிர்க்கருணையின் முதல் படியாக வைத்தார். ஆனால் இந்த மரபு நின்றது கொல்லாமையின் மேல். பால் அதன் விலக்குப் பட்டியலில் இல்லை. மாறாக, தூய உணவின் உச்சியில் இருந்தது. பெரும்பாணாற்றுப்படையில் வரும் ஆய்மகள் மோரை விற்றுத் தானியம் கொள்கிறாள். நெய்யை விற்றால் பொன்னை வாங்காமல் எருமையும் பசுவும் வாங்குகிறாள். மாடு என்ற சொல்லுக்கே செல்வம் என்று பொருள் கொண்ட மொழி இது. ஆகவே சைவ வீட்டிலிருந்து நனிசைவத்துக்கு வருபவர் ஏற்கெனவே பாதி வழி வந்துவிட்டதாக நினைப்பது பிழை. அவர் விட வேண்டியிருப்பது, தாம் இதுவரை குற்றமற்றதென்று நம்பிய ஒன்றை.

பாலை விட்டவர்களில் காந்தியின் அனுபவம் இந்த மாற்றத்தின் சிக்கலை நன்றாகக் காட்டுகிறது. கறவை மாடுகளைக் கடைசிச் சொட்டுவரை கறக்கக் கையாளப்படும் கொடிய முறைகளைப் பற்றி அறிந்த பிறகு, 1912-இல் தென்னாப்பிரிக்காவின் டால்ஸ்டாய் பண்ணையில் அவர் பாலை நிறுத்தினார். 1918-இல் குஜராத்தின் கேடா மாவட்டத்தில் அலைந்தபோது கடும் வயிற்றுக்கடுப்பு கண்டது. அப்போது அவருடைய முதன்மை உணவு வேர்க்கடலை விழுதும் எலுமிச்சையும். உடல் தேறவில்லை, மருத்துவர்கள் பால் குடிக்கச் சொன்னார்கள். பசுவும் எருமையும்தானே விரதத்தில் இருந்தன, ஆட்டுப்பால் குடிக்கலாமே என்று கஸ்தூரிபா வழிகாட்டினார். காந்தி குடித்தார், சொல்லைக் காப்பாற்றிப் பொருளைக் கைவிட்டதாகக் கடைசிவரை வருந்தினார். பாலுக்கு ஈடான தாவர உணவு எது என்று மருத்துவர்களிடம் கேட்டுக்கொண்டே இருந்தார், விடை கிடைக்கவில்லை. அந்த விடையின் மிக முக்கியமான பகுதியான வைட்டமின் பி12, அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் தனித்தனியே பிரித்தெடுக்கப்பட்டது 1948-இல்; அவர் மறைந்த ஆண்டு அது.

இன்று மாறுபவர்கள் சொல்லும் காரணங்கள் மூன்று. முதலாவது விலங்குகள். கன்று ஈனாமல் பசு கறக்காது; ஈனும் கன்றுகளில் பாதி காளைக் கன்று. டிராக்டர் வந்த ஊரில் உழவுக்கும் வண்டிக்கும் காளை வேண்டாம், சினை ஊசி வந்த பிறகு பொலிகாளையும் வேண்டாம். 2012-க்கும் 2019-க்கும் இடையே இந்தியாவில் ஆண் மாட்டினத்தின் எண்ணிக்கை ஏறக்குறைய 30 விழுக்காடு குறைந்ததைக் கால்நடைக் கணக்கெடுப்பு காட்டுகிறது. உலகிலேயே அதிகம் பால் கறக்கும் நாட்டில், ஆண்டுக்கு 23 கோடி டன்னுக்கும் மேல் பால் உற்பத்தியாகும் நாட்டில், பாலும் இறைச்சியும் வேறு வேறு தொழில் என்று சொல்வது கடினம்.

இரண்டாவது சுற்றுச்சூழல். 2018-இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஆய்வு ஒன்று 119 நாடுகளின் சுமார் 38,000 பண்ணைகளின் கணக்கை ஒன்றுசேர்த்தது. நிலம், நீர், பசுங்குடில் வாயு ஆகியவற்றில் விலங்கு உணவின் சுமை, சிறந்த பண்ணைகளிலும்கூட, தாவர உணவின் சுமையைவிடப் பொதுவாகக் கூடுதல் என்பது அதன் முடிவு. இந்தக் கணக்கை அப்படியே தஞ்சாவூர்ப் பக்கத்துக் கொட்டிலுக்குப் பொருத்துவதில் கவனம் வேண்டும். வைக்கோலும் வரப்புப் புல்லும் தின்று, சாணத்தை வயலுக்குக் கொடுத்து, நிலமில்லாத ஒரு பெண்ணின் வாரச் செலவுக்குப் பணம் தரும் ஒற்றைப் பசு, தீவனத் தொழிற்சாலையை நம்பி நிற்கும் ஆயிரம் மாட்டுப் பண்ணை அல்ல. மூன்றாவது காரணம் உடல்நலம். இதில் பலருக்கும் தெரியாத ஒன்று பால் செரியாமை. தென்னிந்தியரையும் வட இந்தியரையும் ஒப்பிட்டு 2010-இல் வெளியான ஆய்வில், தென்னிந்தியரில் பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேருக்குப் பாலிலுள்ள லாக்டோஸ் சர்க்கரை சரியாகச் செரிக்கவில்லை; வடக்கே அது மூன்றில் இரண்டு பங்கு. காலையில் காபி குடித்ததும் வயிறு உப்புவதை 'வாயு' என்று சொல்லிப் பழகிய வீடுகளில் பாலை நிறுத்திய பிறகே காரணம் விளங்குகிறது.

தமிழ்நாட்டில் சைவ உணவினர் மிகச் சிலர். 2014-ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவு அமைப்புக் கணக்கெடுப்பில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் சுமார் 97.6 விழுக்காட்டினர் அசைவம் உண்பவர்கள். எனவே இங்கே மாறுபவர் பெரும்பாலும் கறி, மீன், முட்டை, பால் எல்லாவற்றையும் சேர்த்தே விடுகிறார். விந்தை என்னவென்றால், கறியை விடுவது அவருக்கு அத்தனை கடினமாக இருப்பதில்லை. செவ்வாய், வெள்ளி, புரட்டாசி, கார்த்திகை, சபரிமலை மாலை என்று கறியில்லா நாட்கள் ஏற்கெனவே வழக்கத்தில் உள்ளன. அந்த நாட்களின் சமையலும் கைவசம் இருக்கிறது. மீன் குழம்பின் புளியும் காரமும் சுண்டைக்காய் வற்றலுக்கும் வாழைக்காய்க்கும் சேனைக்கும் ஒத்துப்போகும். பிரியாணிக்குப் பலாக்காயோ காளானோ மீல்மேக்கரோ போதும். ஆனால் பால் இல்லா நாள் என்று ஒன்று தமிழ் நாட்காட்டியில் இல்லை.

பால் உணவாக மட்டும் இருப்பதில்லை. புதுவீடு புகுவதே 'பால் காய்ச்சுதல்' எனப்படுகிறது. பொங்கலன்று அடுத்த வீட்டாரைப் பார்த்துக் கேட்பது 'பால் பொங்கிற்றா?' என்பது. மணமக்களுக்குப் பாலும் பழமும், முருகனுக்குப் பால்குடமும் பால்காவடியும், இறந்தவருக்கு மறுநாள் பால் தெளிப்பு. வீட்டுக்கு வந்தவரிடம் 'காபி சாப்பிடுறீங்களா' என்று கேட்பது கேள்வி அல்ல, வரவேற்பு. அதை மறுத்தால் பகை என்று எடுத்துக்கொள்ளும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நனிசைவத்துக்கு மாறுபவர் சந்திக்கும் இடைஞ்சல்களில் பெரும்பகுதி சத்துக் குறைவில் இல்லை, இந்த இடங்களில்தான் இருக்கிறது. நடைமுறையில் பலர் கொள்ளும் வழி, சடங்கை எதிர்க்காமல் உணவை மட்டும் மாற்றுவது. பானையில் பால் பொங்கட்டும், சர்க்கரைப் பொங்கலில் தேங்காய்ப்பாலும் நல்லெண்ணெயும் சேரட்டும் என்கிற உடன்பாடு பல வீடுகளில் சண்டையைத் தவிர்த்திருக்கிறது. பழனிப் பஞ்சாமிர்தத்தில் தேனும் நெய்யும் உண்டு. அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அடுத்தவரிடம் கொடுத்துவிடுகிறவர்களும் உண்டு.

அடுக்களைக்குள் பால் மூன்று வேடங்களில் இருக்கிறது: காபி, தயிர், நெய். மூன்றுக்கும் மாற்று ஒன்றல்ல. எளிதானது நெய். இட்லிப் பொடிக்கு நல்லெண்ணெய், தாளிப்புக்குக் கடலெண்ணெய், இனிப்புக்குத் தேங்காயெண்ணெய் என்று பிரித்துக்கொண்டால் பெரும்பாலான இடங்களில் குறை தெரியாது. நெய்யை வைத்தே உயிர்வாழும் பண்டங்கள் மட்டும் போய்த்தான் ஆக வேண்டும்: மைசூர்பாகு, திருநெல்வேலி அல்வா, பாலையே சுண்டவைத்த திருவில்லிபுத்தூர்ப் பால்கோவா. தூத்துக்குடி மக்ரூனில் முட்டையின் வெள்ளைக்கரு இருப்பதால் அதுவும் போகிறது. பதிலுக்குக் கோவில்பட்டிக் கடலைமிட்டாய், எள்ளுருண்டை, பொரிவிளங்காய், எண்ணெயில் சுட்ட அதிரசம், யாழ்ப்பாணத்துத் தொதல் எல்லாம் பிறவியிலேயே நனிசைவம். யாரும் மாற்றி எழுத வேண்டியதில்லை.

காபிதான் பலரைத் திரும்பி வரச் செய்கிறது. சோயாப்பாலைக் கொதிக்கவிட்டு அதில் கெட்டி டிகாக்‌ஷனை ஊற்றினால் திரிந்து போகும். டிகாக்‌ஷனின் புளிப்பும் சூடும் சேர்ந்து சோயாவின் புரதத்தைக் கட்டியாக்கிவிடுகின்றன. சோயாப்பாலைக் கைபொறுக்கும் சூட்டில் வைத்து, டிகாக்‌ஷனைச் சற்று ஆறவிட்டு, சிறுகச் சிறுகச் சேர்த்தால் திரியாது. முந்திரிப்பால் திரிவதில்லை, ஆனால் சூடேறினால் கஞ்சிபோல இறுகும். ஓட்ஸ் பால் டபராவில் ஆற்றும்போது ஓரளவு நுரை கட்டும், ஆயினும் அதற்கென ஓர் இனிப்பு உண்டு. கடையில் பொட்டலமாக வரும் இந்தப் பால்களின் விலை பசும்பாலைப்போல் மூன்று நான்கு மடங்கு. ஆறு மாதம் பல பால்களை மாற்றிப் பார்த்துவிட்டுக் கடைசியில் கடுங்காப்பிக்கோ சுக்குமல்லிக் காபிக்கோ வந்து சேர்பவர்களே அதிகம். நேராக அங்கேயே போயிருந்தால் பணம் மிஞ்சியிருக்கும்.

இங்கே ஒரு சொற்சண்டையையும் குறிப்பிட வேண்டும். சோயா, பாதாம் முதலியவற்றின் சாற்றைப் 'பால்' என்று விற்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021-இல் உத்தரவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2017-இலேயே இதே வழியில் தீர்ப்பளித்தது. இரு இடத்திலும் தேங்காய்ப்பாலுக்கு விலக்கு. தமிழுக்கு இந்தச் சிக்கல் புரியவே புரியாது. கள்ளிக்கும் எருக்குக்கும் பால் உண்டு, ரப்பர் மரத்தில் வடிவது பால், குழந்தைக்குக் கொடுப்பது கேழ்வரகுப் பால். மதுரைத் தெருவில் மாலையானால் தள்ளுவண்டியில் ஆவி பறப்பது பருத்திப்பால். பருத்தி விதையை இரவு ஊறவைத்து, அரைத்து, துணியில் பிழிந்தெடுத்த சாற்றில் அரிசி மாவைக் கரைத்துக் காய்ச்சி, வெல்லமோ கருப்பட்டியோ சேர்த்து, சுக்கும் ஏலமும் தட்டிப்போட்டு, தேங்காய்த் துருவலைத் தூவிக் கொடுப்பார்கள். பாலில் செய்யும் அதே ஊரின் ஜிகர்தண்டா நனிசைவர் தொட முடியாதது. இரண்டு வண்டியும் அடுத்தடுத்து நிற்பதுண்டு.

தயிருக்கு மாற்று, பொறுமை இருந்தால் வீட்டிலேயே உண்டு. வேர்க்கடலையை எட்டு மணி நேரம் ஊறவைத்து, தோல் உரித்து, தண்ணீர்விட்டு நைய அரைத்து வடிகட்டி, பச்சை வாசனை போகக் காய்ச்ச வேண்டும். வெதுவெதுப்பாக ஆறியதும் காம்போடு கூடிய பச்சைமிளகாய் நாலைந்தைக் காம்பு முழுகும்படி போட்டு மூடிவைத்தால், காம்பிலுள்ள நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கவைக்கும். முதல் முறை உறைவது தளதளப்பாகவே இருக்கும். அதில் ஒரு கரண்டி எடுத்து அடுத்த முறைக்கு உறை ஊற்றினால் தயிர் கெட்டிப்படும். கடலை வாசனை பிடிக்காதவர்கள் முந்திரியோ தேங்காயோ சேர்க்கிறார்கள். தாளித்துக் கொட்டிய தயிர்சாதத்தில் வேறுபாடு குறைவு. வெறும் தயிராகச் சாப்பிட்டால் உடனே தெரியும். மோருக்கு மாற்றுத் தேடி அலைய வேண்டியதே இல்லை. பழைய சோற்றின் நீராகாரத்தில் உப்பும் சின்ன வெங்காயமும் போட்டால், கோடைக்கு மோர் செய்த வேலையை அதுவும் செய்யும்.

மறைவாக வரும் பால்தான் கண்ணுக்குத் தப்புவது. கம்மங்கூழுக்குத் தொட்டுக்கொள்ளும் மோர்மிளகாய் தயிரில் ஊறிக் காய்ந்தது. அவியலில் தயிர் உண்டு. மாங்காயோ புளியோ போட்டுச் செய்யும் வகையும் உண்டு, கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ரவா தோசை மாவில் மோர், பரோட்டா மாவில் பாலும் சில இடங்களில் முட்டையும், பிஸ்கட்டிலும் ரொட்டியிலும் பால்மாவு, ஜெல்லி மிட்டாயிலும் மாத்திரை உறையிலும் விலங்கெலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின். பொட்டலத்தில் பச்சைப் புள்ளி இருந்தால் போதும் என்பது தவறு. அது சைவக் குறி, பாலுக்கும் தேனுக்கும் அது பொருந்தும். நனிசைவ உணவுக்கென்றே தனி விதிகளை உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் வெளியிட்டது. பச்சைக் கட்டத்துக்குள் இலைவிட்ட 'வி' எழுத்து அதன் குறி. அந்தக் குறி இல்லாத பொருளும் நனிசைவமாக இருக்கலாம். உப்புக்கும் பருப்புக்கும் யார் முத்திரை குத்துவார்கள்?

உணவை மாற்றுவது ஒரு பாதி. எடுத்ததன் இடத்தில் என்ன வைப்பது என்பது மறு பாதி. மாற்றம் தோற்கும் இடமும் பெரும்பாலும் இதுவே. கறியும் முட்டையும் தயிரும் போன பிறகு, சாதத்தின் அளவைக் கூட்டி, நீர்த்த சாம்பாரும் இரண்டு அப்பளமும் வைத்துச் சாப்பிடுபவர் நனிசைவர்தான், ஆனால் அவர் உண்பது மாவுச்சத்து. மூன்று மாதத்தில் சோர்வு வரும். பழி நனிசைவத்தின் மேல் விழும்.

புரதக் கணக்கு பயமுறுத்தும் அளவுக்கு இல்லை. உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. 60 கிலோ எடையுள்ளவருக்கு 50 கிராம். நாள் முழுதும் சமைக்காத அளவில் 300 கிராம் அரிசி தருவது சுமார் 20 கிராம். 50 கிராம் துவரம்பருப்பில் 11, 50 கிராம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 10, ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7. கணக்கு ஏறக்குறைய முடிந்துவிட்டது. அரிசியில் குறைவாக உள்ள லைசின் என்ற அமினோ அமிலம் பருப்பில் மிகுதி. பருப்பில் குறைவானது அரிசியில் இருக்கிறது. இரண்டையும் ஒரே வேளையில் சேர்த்தாக வேண்டும் என்ற எண்ணத்தை 1971-இல் தம் நூலால் பரப்பிய அமெரிக்க எழுத்தாளர் பிரான்சஸ் மூர் லாப்பேயே பத்தாண்டுக்குப் பின் வந்த பதிப்பில் அதைத் திருத்திக்கொண்டார். ஒரு நாளுக்குள் சேர்ந்தால் போதும். இட்லியும் வெண்பொங்கலும் இந்தக் கவலைக்கு முன்பே தோன்றியவை. சிக்கல் பருப்பு இருக்கிறதா என்பதில் இல்லை, எவ்வளவு என்பதில்: நாலு பேருக்கு ஒரு கைப்பிடிப் பருப்பில் வைக்கும் சாம்பார் புரத உணவு ஆகாது. பருப்பைக் கூட்டினால் முதல் சில வாரங்கள் வயிறு உப்பும். ஊறவைத்த நீரைக் கொட்டிவிட்டு வேகவைப்பதும், பெருங்காயமும் இஞ்சியும் சேர்ப்பதும், அளவைச் சிறிது சிறிதாக ஏற்றுவதும் உதவும், குடல் பழகிக்கொள்ளும்.

கால்சியத்தில் கேழ்வரகு முன்னே நிற்கிறது: 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம், அதாவது அதே எடைப் பசும்பாலில் உள்ளதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. எள்ளில் ஆயிரத்துக்கும் மேல், அகத்திக்கீரையில் ஆயிரத்தை ஒட்டி, முருங்கைக்கீரையிலும் நிறைய. ஆனால் அட்டவணையில் இருப்பதெல்லாம் உடம்பில் சேர்வதில்லை. கேழ்வரகின் பைட்டேட்டும் எள்ளின் தோலிலுள்ள ஆக்சலேட்டும் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்கின்றன. கேழ்வரகை முளைகட்டி அரைப்பதும், கூழை ஓர் இரவு புளிக்கவிடுவதும் பைட்டேட்டைக் குறைக்கும். பாட்டிமார் ருசிக்காகச் செய்தது வேதியியலுக்கும் சரியாக வந்தது. கால்சியம் உப்பால் உறையவைத்த சோயாப் பன்னீரும் நல்ல வழி. இதை அலட்சியம் செய்யக் கூடாது என்பதற்கு ஆதாரம் உண்டு. இங்கிலாந்தின் 'எபிக் ஆக்ஸ்ஃபோர்டு' ஆய்வு 2020-இல் வெளியிட்ட முடிவில், இறைச்சி உண்பவர்களைவிட நனிசைவர்களுக்கு எலும்பு முறிவு 43 விழுக்காடு கூடுதல். இடுப்பெலும்பு முறிவு இரு மடங்குக்கும் மேல். கால்சியமும் புரதமும் குறைந்ததைக் கணக்கில் எடுத்த பிறகு இடைவெளி சுருங்கியது, மறையவில்லை.

இரும்புச்சத்து நனிசைவருக்கு மட்டுமான கவலை அல்ல. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருப்பதை 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு காட்டியது. கீரை, பயறு, கம்பு ஆகியவற்றின் இரும்பு எளிதில் உறிஞ்சப்படாது. வைட்டமின் சி கூட வந்தால் உறிஞ்சுதல் கூடும். தேநீரும் காபியும் வந்தால் குறையும். துவாதசி இலையில் அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் சேர்ந்தே விழுவது நல்ல பொருத்தம். சாப்பிட்டு முடித்த கையோடு காபி குடிப்பது பொருந்தாது, பால் போட்டாலும் போடாவிட்டாலும்.

எல்லாவற்றுக்கும் மேலான கேள்வி பி12. இதை எந்தத் தாவரமும் செய்வதில்லை, விலங்கும் செய்வதில்லை. நுண்ணுயிர்கள் செய்கின்றன, விலங்கின் உடல் சேர்த்துவைக்கிறது. நாளைக்கு வேண்டியது சுமார் 2.4 மைக்ரோகிராம், கண்ணுக்கே தெரியாத துகள். அது இல்லாவிட்டால் ரத்தசோகை, கைகால் மரப்பு, மறதி, முற்றினால் திரும்பப் பெற முடியாத நரம்புச் சிதைவு. கல்லீரலில் பல ஆண்டுகளுக்கான இருப்பு உண்டு என்பதே இதில் ஆபத்து: நனிசைவத்துக்கு மாறியவர் இரண்டு மூன்று ஆண்டு நன்றாக இருப்பார், ஒன்றும் தேவைப்படவில்லை என்று முடிவு கட்டிவிடுவார். கீரை நிறைய உண்பவருக்குக் கிடைக்கும் ஃபோலேட் ரத்தசோகையை மறைத்துவிடும். நரம்புச் சேதம் மட்டும் உள்ளே நடந்துகொண்டிருக்கும். சுருள்பாசி எனப்படும் ஸ்பைருலினாவில் இருப்பது உடம்புக்குப் பயன்படாத போலி வடிவம். பழைய சோறு, இட்லி மாவு முதலியவற்றில் பி12 உண்டாகிறது என்ற பேச்சு சமூக ஊடகங்களில் சுற்றுகிறது. அவை நல்ல உணவுகள், ஆனால் இந்தத் தேவைக்கு அவற்றை நம்பியிருக்க முடியாது. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 1980-இல் 'நேச்சர்' இதழில், மனிதச் சிறுகுடலிலுள்ள சில நுண்ணுயிர்களும் பி12 செய்யக்கூடும் என்று காட்டினார்கள். அது சிறந்த கண்டுபிடிப்பு. ஆனால் யாருடைய குடலில் எவ்வளவு என்று சொல்ல இயலாதபோது அதை வைத்து உணவைத் திட்டமிட முடியாது.

ஆகவே மாத்திரை. நாளுக்கு 10 மைக்ரோகிராம், அல்லது வாரத்துக்கு 2,000 மைக்ரோகிராம் என்பது நனிசைவ அமைப்புகள் பரவலாகச் சொல்லும் அளவு. ஒரு வேளையில் குடல் எளிதாக ஏற்பது ஒன்றரை, இரண்டு மைக்ரோகிராம் மட்டும். மீதியில் நூற்றில் ஒரு பங்குதான் கசிந்து உள்ளே போகும். இடைவெளி கூடக் கூட அளவு பலமடங்கு ஏறுவது அதனால்தான். மருந்துக்கடையில் 'பி12 மாத்திரை' என்று கேட்டால் நரம்பு வலிக்கான பிரிகாபலின் சேர்ந்த மாத்திரை கைக்கு வர வாய்ப்புண்டு. அது மருத்துவர் சொல்லாமல் விழுங்கக் கூடாதது. அட்டையில் தனி சயனோகோபாலமினோ மெத்தில்கோபாலமினோ என்று பார்த்து வாங்க வேண்டும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கு பி12 உறிஞ்சுதல் இயல்பாகவே குறையும். அவர்களுக்கு இந்தக் கவனம் இரட்டிப்பாக வேண்டும்.

மற்றவை சுருக்கமாக. வைட்டமின் டி வெயிலில் கிடைக்கும்; மாத்திரையாக எடுத்தால் பெரும்பாலும் ஆட்டுக் கம்பளிக் கொழுப்பிலிருந்து வருவது, பாசிக்காளானிலிருந்து எடுத்ததும் கிடைக்கிறது. அயோடினுக்கு அயோடின் கலந்த உப்பு போதும். இயற்கை என்று கல்லுப்புக்கு மாறிவிட்டால் அந்த வழி அடைபடும். மீனை விட்டவர்களுக்குக் குறையும் ஒமேகா-3 ஆளிவிதையில் வேறு வடிவில் இருக்கிறது; மீனே அதைப் பெறுவது கடற்பாசியிலிருந்துதான் என்பதால் பாசி எண்ணெய் மாத்திரை நேர்வழி.

கருவுற்றவர்கள், பாலூட்டுவோர், குழந்தைகள் விஷயத்தில் வல்லுநர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. சரியாகத் திட்டமிட்ட நனிசைவம் எல்லா வயதுக்கும் ஏற்றது என்று அமெரிக்க உணவியலாளர் கழகம் 2016-இல் அறிவித்தது. அதே ஆண்டு ஜெர்மானிய ஊட்டச்சத்துச் சங்கம் இந்தப் பிரிவினருக்குப் பரிந்துரைக்க மறுத்தது. தாய்க்கு பி12 குறைந்தால் தாய்ப்பாலிலும் குறையும், குழந்தையின் மூளை வளர்ச்சி பாதிக்கும் என்பதில் மட்டும் இரு தரப்பும் ஒன்று. மருத்துவர் கண்காணிப்பு இல்லாமல் குழந்தையின் உணவில் இதைச் சோதித்துப் பார்ப்பது முறையல்ல. தாய்ப்பால், சொல்ல வேண்டியதில்லை, நனிசைவத்துக்கு விலக்கல்ல.

எவ்வளவு வேகமாக மாறுவது என்பது ஆளைப் பொறுத்தது. ஒரே நாளில் விடுபவர்கள் உண்டு. ஆண்டின் முதல் மாதம் மட்டும் முயன்று பார்க்கும் 'வீகனுவரி' என்ற வழக்கம் இங்கிலாந்தில் 2014-இல் தொடங்கியது. தமிழ் வீட்டுக்கு ஒத்துவரும் வரிசை வேறு. காலைச் சிற்றுண்டி பெரும்பாலும் ஏற்கெனவே நனிசைவம். அங்கே செய்ய ஒன்றுமில்லை. அடுத்து நெய், பிறகு கறியும் முட்டையும், பிறகு காபி, கடைசியில் தயிர். ஒவ்வொன்றையும் எடுப்பதற்கு முன் அதன் இடத்துக்கு வருவதை இரண்டு வாரம் சமைத்துப் பழகியிருக்க வேண்டும். பி12 மட்டும் முதல் நாளே தொடங்க வேண்டியது. மாறுவதற்கு முன் ஒருமுறையும், ஓராண்டு கழித்து ஒருமுறையும் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், பி12, வைட்டமின் டி ஆகியவற்றைப் பரிசோதித்தால் ஊகத்துக்கு இடமிராது. வீட்டில் ஒருவர் மட்டும் மாறும்போது தனிச் சமையல் யார் தலையில் விழுகிறது என்பதும் சேர்த்தே யோசிக்க வேண்டியது. பொதுவாக அது மாறியவர் தலையில் விழுவதில்லை, அம்மா தலையிலோ மனைவி தலையிலோ விழுகிறது. ஒரே குழம்பைத் தாளிப்பில் மட்டும் பிரிப்பது அந்தச் சுமையைக் குறைக்கும்.

வெளியே சாப்பிடும்போது உணவகத்தில் 'நெய் ஊற்ற வேண்டாம்' என்று சொல்வது தோசைக்கு உதவும், பொங்கலுக்கு உதவாது. பொங்கலில் நெய் ஏற்கெனவே கலந்திருக்கும். இட்லி, இடியாப்பம், எண்ணெய் தோசை, பூரிக் கிழங்கு, சுண்டல் எங்கும் கிடைக்கும். சாப்பாட்டில் தயிரும் மோரும் பாயசமும் தனிக் கிண்ணத்தில் வருவதால் ஒதுக்கிவைப்பது எளிது. இலங்கையில் சொதியும் தேங்காய்ப்பால் கறிகளும் கைகொடுக்கும், ஆனால் சம்பலில் மாசிக் கருவாடு இருக்கிறதா என்று கேட்க வேண்டும். தேநீர் 'பிளேன்டீ' என்றால் பாலில்லாதது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் 'தே' என்று மட்டும் சொன்னால் கட்டிப்பால் ஊற்றி வரும். 'தே ஓ' என்று கேட்டால் பால் இல்லாமல் சர்க்கரையோடு வரும். சர்க்கரையும் வேண்டாமென்றால் 'தே ஓ கோசோங்'.